பட்டாணிப் பருப்பு சூப்பும் போர் தண்ணீரும்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் வேளச்சேரியில் எங்கள் வீட்டு இரவு உணவு பல நாட்களில் பட்டாணி சூப்பாக மாறிவிடும். ஒரு கிண்ணம் குடித்த பின் அப்பா சோறு வேண்டாம் என்று சொல்லுமளவுக்கு அது கெட்டியாக இருக்க வேண்டும். அந்தக் கெட்டி சோளமாவினாலோ பாலாடையினாலோ வராமல் பட்டாணியிலிருந்தே வர வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். இந்த சூப்பை நெடுங்காலமாகக் குடித்துவரும் வட ஐரோப்பாவிலும் அப்படித்தான். நெதர்லாந்தில் கரண்டியை நட்டால் அது சாயாமல் நிற்க வேண்டும் என்பார்கள். சுவீடனில் மஞ்சள் பட்டாணியில் செய்து வியாழக்கிழமைகளில் உண்பது பழைய வழக்கம். அவர்கள் சேர்க்கும் பன்றி இறைச்சிக்கு ஈடாக, சைவமான எங்கள் வீட்டில் வெங்காயத்தையும் பூண்டையும் நெய்யில் நன்றாகச் சிவக்க வதக்கிக்கொள்கிறேன்.

மெரினாவில் சுண்டலுக்குப் போடும் முழுப் பட்டாணி இதற்கு அவ்வளவாகப் பொருந்தாது. இரவெல்லாம் ஊற வேண்டும், வெந்த பிறகும் தோல் நாக்கில் தட்டும். தோல் நீக்கி இரண்டாக உடைத்த பருப்பே வேண்டும், பச்சையானாலும் மஞ்சளானாலும் சரி. மஞ்சள் பருப்பு கடலைப் பருப்பைப் போலவே தோன்றும் என்பதால் கடையில் கேட்டு வாங்குவது நல்லது. கடலைப் பருப்பு அவ்வளவு எளிதில் கரைவதில்லை. காய்கறிச் சந்தை 1996இல் கோயம்பேட்டுக்குப் போன பின்னும் மளிகை வியாபாரம் தொடரும் கொத்தவால்சாவடிப் பக்கம் போகும்போது நான் இரண்டு கிலோ வாங்கி வருவேன். அதற்கு மேல் வாங்குவதில்லை, ஏனெனில் நாள்பட்ட பருப்பு எளிதில் வேகாது.

இனி, தண்ணீர். முதல் முறை செய்தபோது போர் தண்ணீரை ஊற்றி, தக்காளியையும் உப்பையும் தொடக்கத்திலேயே சேர்த்து, ஆறு விசில் விட்டுத் திறந்தேன். பருப்பு மணல்போல் நறநறத்தது. குறை குக்கரில் இல்லை. குக்கருக்குள் அழுத்தம் ஏறும்போது தண்ணீரின் கொதிநிலை 100 டிகிரியிலிருந்து ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸ் வரை உயரும். ஆனால் பருப்பின் செல்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பெக்டின் கரைந்தால்தான் அது குழையும். எங்கள் போர் தண்ணீர் போன்ற கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் அந்தப் பெக்டினை இறுக்கிவிடுகின்றன, தக்காளியின் புளிப்பு அது கரைவதைத் தாமதப்படுத்துகிறது. ஆப்பச் சோடா ஒரு சிட்டிகை போட்டால் குழைந்துவிடும் என்பது உண்மைதான், ஆயினும் அது பருப்பிலுள்ள பி1 வைட்டமினை அழிக்கும், அளவு மிஞ்சினால் சோப்பு வாடையும் வரும். அன்றுமுதல் இந்த சூப்புக்கு மெட்ரோ தண்ணீரோ கேன் தண்ணீரோதான் ஊற்றுகிறேன். தக்காளியைத் தனியே வதக்கிக் கடைசியில் சேர்க்கிறேன்.

ஒரு கப் பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்து, வதக்கிய வெங்காயத்தோடு குக்கரில் இட்டு, காரட், உருளைக்கிழங்கு, ஒரு பிரிஞ்சி இலை சேர்த்து ஐந்து கப் தண்ணீர் ஊற்றுகிறேன். பட்டாணி பொங்கி நுரைக்கும் பருப்பு. நுரை ஏறி வெயிட் வைக்கும் குழாயை அடைத்துவிட்டால் ஆபத்து. ஆகவே குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பாமல், நுரையை அடக்க ஒரு தேக்கரண்டி எண்ணெயும் விடுகிறேன். முதல் விசிலுக்குப் பின் அடுப்பைத் தணித்துப் பன்னிரண்டு நிமிடம் வைத்தால் போதும். அதன் பிறகு வெயிட்டைத் தூக்கி ஆவியை வெளியேற்றக் கூடாது. அப்படிச் செய்தால் உள்ளே இருப்பது சட்டென்று கொதித்தெழுந்து குழாய் வழியே பீறிடும். தானாக அடங்கும் அந்தப் பதினைந்து நிமிடத்திலும் பருப்பு வெந்துகொண்டே இருக்கிறது.

திறந்ததும் இலையை எடுத்துவிட்டு மத்தால் கடைகிறேன். மிக்சியில் அடித்தால் வழவழப்பாகிவிடும். காரட் துண்டு ஒன்றிரண்டு பல்லில் படுவதே அப்பாவுக்குப் பிடிக்கும். பிறகு உப்பு, வதக்கிய தக்காளி, புதிதாகப் பொடித்த மிளகு. மிஞ்சியது மறுநாள் காலை ஃபிரிட்ஜில் களிபோல் இறுகியிருக்கும். பாதியை வெந்நீர் விட்டுக் கரைத்துச் சூடாக்குவேன், மீதியில் பச்சை மிளகாயும் சீரகமும் தாளித்துக் கொட்டினால் தோசைக்குத் தொட்டுக்கொள்ளலாம்.