மாங்காய் நன்றாகத்தான் இருந்தது, ஃபைல்தான் சரியில்லை

கிருஷ்ணகிரியில் மாம்பழ சீசனில் எங்கே திரும்பினாலும் கூழ் ஃபேக்டரிக்குப் போகும் பெங்களூரா லோடுதான். போன சீசனில் பெங்களூரா, செந்தூரா, மல்கோவா, அல்போன்சா என்று நாலு வெக்டர் படம் (புள்ளிகளும் கோடுகளுமாக ஆன, எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத படம்) வரைந்து, நம் படங்களை விற்றுத்தரும் ஒரு ஸ்டாக் தளத்துக்கு அனுப்பினேன். பெங்களூராவின் அந்த மூக்கு வளைவுக்கே ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது. நாலும் ரிஜெக்ட். தொழில்நுட்பக் குறைபாடு என்று ஒரே வரி, வேறு விளக்கமே இல்லை.

இரண்டு நாள் மனசே சரியில்லை. அப்புறம் படம் வரையும் மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரில் ஃபைலைத் திறந்து கண்ட்ரோல் ஒய் அழுத்தினேன். கலரெல்லாம் மறைந்து வெறும் கோடு மட்டும் தெரியும் அவுட்லைன் பார்வை அது. காம்புப் பக்கம் நன்றாக ஜூம் பண்ணிப் பார்த்தால், பாத், அதாவது ஓரக்கோட்டின் இரண்டு முனையும் சேரவே இல்லை, நடுவில் மயிரிழை இடைவெளி. கலர் ரொப்பியிருந்ததால் அதுவரை கண்ணில் படவில்லை. இலைகள் இன்னும் மோசம். பென்சிலில் வரைந்ததை ஸ்கேன் செய்து, படத்தைத் தானாகவே வெக்டராக மாற்றும் இமேஜ் ட்ரேஸில் போட்டிருந்தேன், ஓரமெல்லாம் எறும்பு மொய்த்த மாதிரி ஆங்கர் பாயிண்ட், அதாவது கோட்டின் வடிவத்தைப் பிடித்து வைக்கும் புள்ளிகள். பத்துப் பன்னிரண்டு பாயிண்டில் முடிய வேண்டிய இலை அது.

நாம் படம் விற்கிறோம் என்று நினைக்கிறோம், ஆனால் வாங்குகிறவருக்கு வேண்டியது பிரித்து மேயக்கூடிய ஃபைல். ஜூஸ் பாட்டில் லேபிள் செய்கிறவர் இலையை மட்டும் தனியாக எடுப்பார், கலரை மாற்றுவார், மொத்தத்தையும் சின்னதாக்குவார். ஸ்ட்ரோக்கை (கோட்டை) எக்ஸ்பாண்ட் செய்து தனி வடிவமாக மாற்றாமல் விட்டால், அவர் கம்ப்யூட்டரில் இருக்கும் செட்டிங்கைப் பொறுத்து படம் மட்டும் சுருங்கி கோடு அதே தடிமனில் நிற்கும். எழுத்தை அவுட்லைனாக, அதாவது வெறும் வடிவமாக மாற்றாவிட்டால், அந்த ஃபான்ட் அவரிடம் இல்லாதபோது வேறு எழுத்து வந்து உட்காரும். நடுவில் ஒரு ஜேபெக் போட்டோவை ஒட்டி வைத்திருந்தால் அது வெக்டரே இல்லை.

ஆர்ட்போர்டு, அதாவது படம் வரையும் பக்கத்தின் அளவையும் பாருங்கள். ஸ்டாக் தளங்களில் ஷட்டர்ஸ்டாக்குக்குக் குறைந்தது 4 மெகாபிக்ஸல், அடோபி ஸ்டாக்குக்கு 15. 5000க்கு 3000 பிக்ஸல் என்று வைத்தால் இரண்டுக்கும் போதும்.

ஒகேனக்கல் பரிசல் ஒன்றும் வரைந்திருந்தேன், நெட்டில் கிடைத்த ஒரு போட்டோவைக் கீழே வைத்து அப்படியே கோடு இழுத்தது. அடுத்தவர் எடுத்த போட்டோவை ட்ரேஸ் செய்தால் அது காப்பிரைட் பிரச்சினை என்று தெரிந்ததும் அந்தப் படத்தை நானே நீக்கிவிட்டேன். இனி போய் நானே போட்டோ எடுத்துத்தான் வரைய வேண்டும்.

சரி, மாம்பழத்துக்கு வருவோம். முனைகளைச் சேர்த்து, இலைகளைப் புள்ளி புள்ளியாக வரையும் பென் டூலில் புதிதாகப் போட்டு, ஸ்ட்ரோக்கை எக்ஸ்பாண்ட் செய்து, அங்கங்கே தனியாகக் கிடந்த புள்ளிகளையும் துடைத்து, இபிஎஸ் 10 என்ற வெக்டர் ஃபைல் வகையில் சேவ் செய்து மறுபடி அனுப்பினேன். மூன்று பாஸ் ஆகிவிட்டது, அல்போன்சா மட்டும் திரும்பி வந்தது. இந்த முறை காரணம் வேறு: செந்தூராவைப் போலவே இருக்கிறதாம். உண்மைதான், ஒரே வடிவத்தை எடுத்துக் கலரை மட்டும் மாற்றியிருந்தேன். மாம்பழத்தோடு வளர்ந்த ஊர்க்காரன் அப்படிச் செய்திருக்கக் கூடாது. நேற்று இரண்டிலும் ஒவ்வொரு கிலோ வாங்கி வந்து மேசை மேல் வைத்திருக்கிறேன். செந்தூராவுக்குக் காம்புப் பக்கம்தான் சிவப்பு ஏறுகிறது, அல்போன்சாவுக்குத் தோள் அகலம். இன்றைக்கு அந்தத் தோளில் இருந்து ஆரம்பித்திருக்கிறேன்.