லேசர் முடி நீக்கம்: மாநிறத் தோல்காரர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி

லேசருக்குப் போகிறவர்கள் முதலில் விசாரிப்பது எத்தனை சிட்டிங், எவ்வளவு செலவு என்றுதான். அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது, "என்ன மெஷின் வைத்திருக்கிறீர்கள்?" மாநிறம், கறுப்பு என்று இருக்கும் நம் தோலில் முடி போகுமா, தோல் வெந்துபோகுமா என்பது பெரும்பாலும் அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

லேசர் ஒளியை வாங்கிக்கொள்வது முடியிலுள்ள மெலனின் என்ற கருநிறமி. அது சூடாகி, சுற்றியுள்ள மயிர்க்காலைப் பொசுக்குகிறது. 1983-இல் ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் விளக்கிய தத்துவம் இது. அதே மெலனின் நம் மேல்தோலிலும் ஏராளமாக இருப்பதால், முடிக்குப் போக வேண்டிய சூட்டைத் தோலே இழுத்துக்கொள்ளும். அலைநீளம் கூடக் கூட மேல்தோல் வாங்கும் ஒளி குறையும், ஆழம் கூடும். லேசர் மெஷின் வகைகளில் அலெக்சாண்ட்ரைட்டின் அலைநீளம் 755 நானோமீட்டர், டயோட் பெரும்பாலும் 810, என்டி யாக் 1064. கறுத்த தோலுக்கு இவற்றில் பத்திரமானது என்டி யாக். வலி கொஞ்சம் கூடுதல், மெல்லிய முடியில் பலன் குறைவு. மாநிறத்துக்கு, நல்ல குளிரூட்டும் முனையும் நீண்ட பல்ஸும் (ஒரு அடியில் ஒளி நீடிக்கும் நேரம்) உள்ள டயோடும் போதும்.

ஐபிஎல் என்பது லேசரே இல்லை. ஏறக்குறைய 500 முதல் 1200 நானோமீட்டர் வரை கலந்தடிக்கும் ஃப்ளாஷ் விளக்கு அது. பல பார்லர்களில் அதையும் லேசர் என்றே சொல்வார்கள். கறுத்த தோலில் அளவு தப்பினால் கண்ணாடி முனை வைத்த இடமெல்லாம் செவ்வகம் செவ்வகமாகத் தழும்பு விழும். வீட்டில் வைத்துக்கொள்ளும் ஐபிஎல் கருவிகள் பலவற்றில் தோல் நிறம் பார்க்கும் சென்சார் இருக்கிறது. கறுத்த தோலில் அது ஒளி விடாமல் நின்றால் பழுது என்று நினைக்க வேண்டாம். உங்களுக்கு ஆகாது என்றுதான் சொல்கிறது.

போவதற்கு 4 வாரம் முன்பிருந்தே த்ரெட்டிங், வேக்சிங், பிடுங்குதல் மூன்றையும் நிறுத்திவிடுங்கள். வேரோடு வந்த முடியில் ஒளி பிடிக்க ஒன்றும் இருக்காது. ப்ளீச்சும் கூடாது. இடையில் ரேசர் மட்டும் போடலாம். ஷேவ் செய்தால் முடி தடித்து வளரும் என்பது வெறும் நம்பிக்கை. வெட்டிய நுனி மழுங்கலாக இருப்பதால் அப்படித் தெரிகிறது. முந்தின நாள் மழுங்க ஷேவ் செய்துகொண்டு போங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முடி தோல்மேலேயே கருகிச் சுடும். அன்றைக்கு முகத்தில் மஞ்சள், மேக்கப் எதுவும் வேண்டாம். வெயிலில் கறுத்திருந்தால் தேதியைத் தள்ளிப்போடுங்கள்.

முழு இடத்துக்கும் அடிக்கும் முன் தாடைக்குக் கீழே சிறு இடத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும். நம் தோலில் கருமை உடனே தெரியாது. ஒரு வாரமாவது பொறுத்துப் பார்ப்பது நல்லது. ஒவ்வொரு அடியும் தாளிக்கும்போது கடுகு தெறித்ததுபோல் சுரீர் என்று பட்டு அடங்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், புருவத்துக்குக் கீழே, இமை மேல் ஒருபோதும் அடிக்கக் கூடாது. முடிந்ததும் ஒவ்வொரு மயிர்க்காலைச் சுற்றியும் சிறு வீக்கமும் சிவப்பும் வந்தால் சரியாகப் பட்டிருக்கிறது என்று அர்த்தம். ஓரிரு நாளில் போகும். தோல் வெளிறியோ சாம்பல் நிறமாகவோ மாறினாலும், எரிச்சல் அடங்காமல் கூடினாலும் அப்போதே நிறுத்தச் சொல்லுங்கள்.

மரத்துப்போகும் கிரீமை மேலுதடு அளவுக்குப் போடலாம். இரண்டு கால் முழுக்கப் பூசி பிளாஸ்டிக் சுற்றிக்கொள்வது ஆபத்து: மருந்து ரத்தத்தில் ஏறி வலிப்பு வரும், இதயத் துடிப்பு தடுமாறும். இப்படி இரண்டு இளம்பெண்கள் இறந்ததையடுத்து 2007-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிக்கை விடுத்தது.

அடுத்த 1 முதல் 3 வாரங்களில் முடி மறுபடி முளைப்பதுபோல் தெரியும். அவை பொசுங்கிய முடிகள் வெளியே தள்ளப்படுவது, தானே உதிரும். சன்ஸ்கிரீன் தினமும் வேண்டும். இரண்டு நாளைக்கு வெந்நீர்க் குளியலும் ஆவி பிடிப்பதும் வேண்டாம்.

வளரும் பருவத்திலுள்ள முடி மட்டுமே லேசருக்கு மசியும். அதனால்தான் முகத்துக்கு 4 முதல் 6 வாரம், உடம்புக்கு 6 முதல் 8 வாரம் இடைவெளியில் 6 முதல் 8 சிட்டிங் தேவைப்படுகிறது. எஃப்டிஏ அனுமதித்திருப்பதும் 'நிரந்தரக் குறைப்பு' என்ற சொல்லைத்தான். அக்குள், கால்களில் பலன் அருமையாக இருக்கும். தாடையில் முரட்டு முடியும் மாதவிலக்குக் கோளாறும் சேர்ந்திருந்தால் முதலில் பிசிஓஎஸ் என்ற சினைப்பை, ஹார்மோன் கோளாறு உண்டா என்று டாக்டரிடம் பார்த்துவிடுங்கள். ஹார்மோன் சீராகாதவரை புது முடி வந்துகொண்டே இருக்கும், பணம்தான் கரையும்.

கன்னத்துப் பூனை முடிக்கு லேசர் வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. குறைந்த சூடு பட்டு, இருந்த மெல்லிய முடி தடித்துக் கறுத்து வளர்வது உண்டு. நம் நிறத் தோலிலும் ஹார்மோன் கோளாறு உள்ளவர்களுக்கும், கன்னம், கழுத்துப் பகுதியில் அதிகம். நரைமுடிக்கு எந்த லேசரும் வேலை செய்யாது; ஒவ்வொரு மயிர்க்காலிலும் ஊசி நுழைத்து மின்சாரம் பாய்ச்சும் எலக்ட்ராலிசிஸ்தான் வழி.

டாக்ஸிசைக்ளின் (ஆன்டிபயாட்டிக்), ஐசோட்ரெட்டினாயின் (முகப்பரு மாத்திரை) சாப்பிடுவது, வாயோர அக்கி, புடைத்து வளரும் கெலாய்டு தழும்பு, கர்ப்பம் எதையும் மறைக்காதீர்கள். பச்சை குத்திய இடத்தில் அடிக்கக் கூடாது. கொப்புளம் வந்தால் உடைக்காமல் குளிர்ந்த நீர்த்துணி வைத்து, அன்றே தோல் டாக்டரைப் பாருங்கள். படிந்த கருமை மறைய மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை அந்த இடத்துக்கு அடுத்த சிட்டிங் கிடையாது.

ஒவ்வொரு முறையும் அலைநீளம், ஜூல் (ஒளிச் சக்தியின் அளவு), பல்ஸ் நேரம், முனையின் அளவு நான்கையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதைத் தர மறுக்கும் இடத்தில் பேக்கேஜுக்கு மொத்தமாகப் பணம் கட்ட வேண்டாம்.