நாங்க போட்ட ஓட்டு செல்லுமா?

சிங்கப்பூரின் துவாஸில் ஒரு தொழிற்சாலை. கேன்டீன் மூலையில் மேசையைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, அட்டையால் மறைப்பு வைத்திருந்தார்கள். இரவு ஷிப்ட் முடித்தவர்கள் வரிசையில் முன்னால் நின்றார்கள். கையுறையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்த ஓர் அண்ணன் வாக்குச்சீட்டை மடித்தார், மறுபடி மடித்தார், புளியங்கொட்டை அளவுக்கு வந்த பிறகுதான் பெட்டியில் போட்டார். எண்ணும்போது அந்தச் சீட்டைப் பிரிப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

தொழிற்சங்கத்தில் தொழிலுறவு அதிகாரியாகச் சேர்ந்து நான் பார்த்த முதல் ரகசிய வாக்கெடுப்பு அது.

சிங்கப்பூரில் உறுப்பினர்களைச் சேர்த்துவிட்டால் மட்டும் சங்கம் நிர்வாகத்தோடு கூட்டு ஒப்பந்தம், அதாவது எல்லாத் தொழிலாளர்களுக்கும் சேர்த்துப் போடும் ஒப்பந்தம், பேச முடியாது. முதலில் நிறுவனம் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும். 1960இல் வந்த தொழிலுறவுச் சட்டம் வகுத்த வழி இது. அங்கீகாரம் கேட்டு எழுதினால், நிறுவனம் 7 வேலை நாள்களுக்குள் ஏற்க வேண்டும், இல்லையென்றால் காரணம் சொல்ல வேண்டும். பெரும்பான்மை சங்கத்தின் பக்கம் இருக்கிறதா என்ற சந்தேகம் எழுந்தால் தொழிலாளர் ஆணையர் வாக்கெடுப்பு நடத்துவார். காகிதத்தில் இவ்வளவுதான். ஆனால் உண்மையான சண்டை பெயர்ப் பட்டியலில்தான். யாருக்கு ஓட்டு, யாருக்கு இல்லை?

அந்தத் தொழிற்சாலையில் லைன் லீடர்கள் நிர்வாகத்தைச் சேர்ந்தவர்கள், அவர்களைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும் என்றது நிறுவனம். லைன் லீடராக இருந்த ஓர் அக்காவோடு இரண்டு மாலை உட்கார்ந்து, காலையிலிருந்து அவர் என்னென்ன செய்கிறார் என்று வரிவரியாக எழுதினேன். "மெஷின் நின்னா டெக்னீஷியனக் கூப்பிடுவேன். யாராச்சும் வரலன்னா நானே அந்த இடத்துல நிப்பேன். வேற என்ன தம்பி?" லீவ் ஃபாரத்தில் கையெழுத்துப் போடுவீர்களா என்று கேட்டேன். பையிலிருந்து ஒரு நகலை எடுத்துக் காட்டினார். அவர் கையெழுத்து 'பெற்றுக்கொண்டேன்' என்ற கட்டத்தில் இருந்தது. 'அனுமதி' என்ற கட்டத்தில் மேலாளரின் கையெழுத்து. அந்த ஒரு தாள் எங்கள் பத்துப் பக்க வாதத்தைவிட அதிகம் பேசியது. லைன் லீடர்கள் பட்டியலில் நின்றார்கள்.

சொற்ப வித்தியாசத்தில் ஜெயித்தோம். அடுத்த வாரமே நிறுவனம் வழக்கறிஞரைப் பார்க்கிறது, உயர் நீதிமன்றத்துக்குப் போகப்போகிறது என்று பேச்சு அடிபட்டது. சீட்டை மடித்த அண்ணன் போன் செய்தார். "தம்பி, நாங்க போட்ட ஓட்டு செல்லுமா செல்லாதா? அத மட்டும் சொல்லுங்க." என்னிடம் பதில் இல்லை. முடிவை ரத்து செய்யக் கேட்கும் நீதித்துறை மறுஆய்வு வழக்கைத் தொடுக்க 3 மாதக் கெடு. முதலில் நீதிமன்றத்தின் அனுமதி, பிறகு விசாரணை. ஒர்க் பெர்மிட்டில் இருப்பவருக்கு 3 மாதம் சின்னக் காலமா? எங்களுக்கு ஓட்டுப் போட்டவர்களில் இருவர் அதற்குள் பெர்மிட் முடிந்து ஊருக்கே போய்விட்டார்கள்.

அந்த நாள்களில் எனக்கு நீதிமன்றம் என்ற சொல்லே பிடிக்கவில்லை. தொழில் தகராறுகளை விசாரிக்கும் தொழில்துறை நடுவர் நீதிமன்றத்தின் தீர்ப்பு இறுதியானது, வேறெந்த நீதிமன்றத்திலும் அதைக் கேள்வி கேட்கக் கூடாது என்று எங்கள் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. எல்லா முடிவுகளுக்கும் அப்படி ஒரு பூட்டு வேண்டும் என்று நினைத்தேன். அமெரிக்காவில் தொழிலுறவு வாரியம் ஒரு சங்கம்தான் ஊழியர்களின் பிரதிநிதி என்று சான்றளித்தால் அதை நேராக மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக முடியாது என்று 1940இல் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் படித்தபோது மகிழ்ந்தேன். பிறகுதான் மறுபக்கம் தெரிந்தது. முதலாளி பேச்சுவார்த்தைக்கு வர மறுத்து உட்கார்ந்துகொள்ளலாம். அது சட்டமீறல் என்று வாரியம் உத்தரவு போட்டால், அந்த உத்தரவை எதிர்த்து நீதிமன்றம் போய், அங்கே சான்றையும் சேர்த்துக் கிளறலாம். வாசலைப் பூட்டினால் கொல்லை வழி.

எங்கள் நிறுவனம் கடைசியில் வழக்குப் போடவில்லை. அங்கீகாரம் வந்தது.

சில ஆண்டுகள் கழித்து வேறொரு இடத்தில் தோற்றோம். மறுபடியும் பட்டியல் சண்டைதான். எங்கள் ஆள்கள் சிலர் அதில் விடுபட்டார்கள், வாக்கு போதவில்லை. இந்த முறை வழக்கறிஞரைத் தேடி ஓடியவன் நான். பூட்டைப் புகழ்ந்த அதே நான்.

அவர் இரண்டு வழக்குகளைச் சொன்னார். 1958இல் அமெரிக்காவில், 233 தொழில்முறை ஊழியர்கள் ஒன்றாகப் பேரம் பேசும் பிரிவில், தொழில்முறை அல்லாத 9 பேரைக் கூடுதலாகச் சேர்த்தது வாரியம் பற்றிய வழக்கு. அப்படிச் சேர்ப்பதென்றால் அந்த 233 பேரிடமும் வாக்கு கேட்டாக வேண்டும் என்பது சட்டம்; வாரியம் கேட்கவில்லை. வழக்குக்குப் போனது ஊழியர் சங்கம். வாரியம் சட்டத்தின் தெளிவான தடையை மீறியது, எனவே நீதிமன்றம் தலையிடலாம் என்றது உச்ச நீதிமன்றம். மற்றது நம் ஊரில், 1999இல். பணிநீக்கம் பற்றிய மனிதவள அமைச்சரின் முடிவு இறுதியானது என்று சட்டம் சொல்லியும், ஊழியர் தரப்பு சொன்னதற்குப் பதில் சொல்ல நிறுவனத்துக்கு நியாயமான வாய்ப்புத் தரப்படவில்லை என்பதால் உயர் நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. அங்கே ஜெயித்தது முதலாளி. படிக்கும்போது எனக்கு உறுத்தியது, ஆனால் தீர்ப்பு சரிதான்.

"உங்களக் கேட்டாங்களா?" என்றார் வழக்கறிஞர். கேட்டார்கள். இரண்டு முறை உட்கார்ந்து பேசினோம். மறுதரப்பின் கடிதங்கள் எல்லாம் எங்கள் கைக்கு வந்தன. பதிலும் எழுதினோம். "அப்ப உங்களுக்கு முடிவு பிடிக்கல, அவ்வளவுதானே? அதுக்கு மறுஆய்வு கிடையாது."

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நெடுநேரம் நின்றேன். என் கோப்பில் இருந்தது வாதம் மட்டும்தான். அந்த லீவ் ஃபாரம் மாதிரி ஒரு தாள் இல்லை. இந்தத் தடவை யாரோடும் இரண்டு மாலை உட்கார்ந்து நான் எழுதவில்லை. அந்த வேலையை நீதிமன்றம் எனக்காகச் செய்யாது.

மறுநாள் ஷிப்ட் மாறும் நேரத்தில் உறுப்பினர்களிடம் சொன்னேன். பட்டியலில் விடுபட்டவர்களில் ஓர் அக்கா முன்னால் நின்றார்.

"நம்ம சொன்னத முழுசாக் கேட்டாங்களா தம்பி?"

"கேட்டாங்கக்கா. நான்தான் முழுசாச் சொல்லல."

அவர் சற்று நேரம் என்னையே பார்த்தார். பிறகு கைப்பையைத் திறந்து, தான் கையெழுத்துப் போடும் தாள்களை ஒவ்வொன்றாக மேசைமேல் எடுத்து வைக்கத் தொடங்கினார்.