எம்.டி. 90இல் வந்த அண்ணன்

பொதுச் சுகாதாரப் பரிசோதகராக நியமனம் பெற்று மட்டக்களப்புக்கு வந்த எனக்குக் களப்பணியைக் கற்றுத்தந்தவர், பணிமனையில் நாங்கள் எல்லோரும் அண்ணன் என்றே அழைத்த மூத்த பரிசோதகர். கடந்த ஆண்டு மாரடைப்பால் காலமானார். அவரை அறிந்தவர்கள் முதலில் அவருடைய பகிடிகளையும், பிறகு அவருடைய சிவப்பு ஹொண்டா எம்.டி. 90 மோட்டார் சைக்கிளையும், அதன் பின்னரே உத்தியோகத்தையும் நினைவுகூருகிறார்கள். அந்த வரிசையில் எனக்குக் குறையேதும் தோன்றவில்லை. அவருடைய உத்தியோகம் நடந்ததே அந்தப் பகிடிகளின் வழியாகவும் அந்த வண்டியின் மீதும்தான்.

யப்பானில் தபால் விநியோகத்துக்கென்று செய்யப்பட்ட அந்த வண்டிக்குக் கைக் கிளச் கிடையாது. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் கிரவல் வீதிகளுக்கும் மாரிகாலச் சேற்றுக்கும் அது ஈடுகொடுத்தது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரைக்கும், கொக்கட்டிச்சோலைப் பக்கம் போகிறவர்கள் மண்முனைத் துறையில் மோட்டார் சைக்கிளைப் பாதை என்னும் மிதவைப் படகில் ஏற்றி வாவியைக் கடப்பார்கள். பாதைக்காகக் காத்து நிற்கும் நேரத்தை நாங்கள் வீண் என்று கருதினோம். அண்ணனுக்கோ அன்றைய வேலை அங்கேதான் தொடங்கும். தயிர்ச் சட்டிகளோடு நிற்கும் பெண்களையும் வயலுக்குப் போகிறவர்களையும் சிரிக்கவைத்தபடியே, யாருடைய வீட்டில் காய்ச்சல், எந்தக் கிணற்றுத் தண்ணீர் மணக்கிறது, யாரை நாய் கடித்தது என்று அனைத்தையும் கேட்டறிந்து, மறுகரையில் இறங்கும்போது எந்த ஊருக்கு முதலில் போவது என்று தீர்மானித்திருப்பார். அவர் எழுதிய எந்த அறிக்கையையும்விட அந்த உரையாடல்களில் நான் கற்றது அதிகம்.

2011 ஜனவரி வெள்ளம் வடிந்த பிறகு, ஊர் ஊராகக் கிணறுகளுக்குக் குளோரின் இடும் வேலை வந்தது. கிணற்றின் விட்டத்தையும் நீரின் ஆழத்தையும் அளந்து, எத்தனை லீற்றர் தண்ணீர் இருக்கிறதென்று கணக்கிட்டு, அதற்கேற்ற அளவு தூளைக் கரைத்து ஊற்ற வேண்டும். அண்ணன் அளவு நாடாவைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவார். கணக்கைச் சரியாகச் சொல்லும் பிள்ளைக்கு மோட்டார் சைக்கிளில் கோயில் வரைக்கும் ஒரு சுற்று உண்டு. களைத்துப்போன அந்த ஊர்களில் அன்றைக்குத்தான் பிள்ளைகளின் கூச்சல் கேட்டது என்று ஒரு தாய் என்னிடம் சொன்னார். அந்தப் பிள்ளைகள் கணக்கை மட்டும் கற்கவில்லை. புதிதாகக் குளோரின் இட்ட கிணற்றில் உடனே அள்ளக் கூடாதென்று வீட்டுப் பெரியவர்களைத் தடுத்து நிறுத்தியதும் அவர்களே.

சிரித்துப் பழகுகிறவர், ஆகையால் விட்டுக்கொடுப்பார் என்று எண்ணியவர்கள் அவரைச் சரியாக அறியாதவர்கள். நாடு முழுவதும் 186,000க்கும் அதிகமான டெங்கு நோயாளர்கள் பதிவான 2017இல், நுளம்பு முட்டை ஒரு கிழமை, பத்து நாட்களுக்குள் பறக்கும் நுளம்பாகிவிடும் என்பதை வீட்டுக்கு வீடு விளக்கி, "மறுகா வெள்ளிக்கிழமை வருவன், அப்ப நீங்கதான் எனக்குக் காட்டோணும்" என்று சொல்லிவிட்டு, சொன்ன வெள்ளிக்கிழமையில் தவறாமல் போய் நிற்பார். இரண்டு தடவை சொல்லியும் திருந்தாதவருக்கு வழக்குத்தான்.

அவ்வாறே, 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டத்தின் கீழ் ஒரு சிறிய சாப்பாட்டுக் கடைக்காரரை நீதவான் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். தண்டப்பணம் செலுத்தப்பட்டு, சமையலறை திருத்தப்பட்டு, மறுபரிசோதனையும் முடிந்த பின்னர் ஒரு மாலையில் மனைவியையும் இரண்டு மகள்களையும் கூட்டிக்கொண்டு அதே கடைக்குப் போய், எல்லோரும் பார்க்க அமர்ந்து, காசு கொடுத்துச் சாப்பிட்டுவிட்டு வந்தார். ஒரு கடை திருந்திவிட்டது என்று ஊருக்குச் சொல்ல இதைவிடத் தெளிவான வழியை நான் இன்றுவரை காணவில்லை. தன் பிள்ளைகளுக்கு ஊட்டத் தயங்கும் உணவை மற்றவருக்கு அனுமதிக்கக் கூடாது என்பதே அவர் வைத்திருந்த அளவுகோல்.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய வீட்டுக்கு உரியது. மகள்கள் சிறியவர்களாக இருந்தபோது கல்லடிக் கடற்கரை, வளர்ந்த பிறகு ஒவ்வொருவராகப் பின்னால் ஏற்றிக்கொண்டு பாசிக்குடா, மகா ஓயா வெந்நீர் ஊற்று என்று போய்வருவார். திங்கட்கிழமை காலையில் அந்தப் பயணக் கதைகளைக் கேட்காமல் பணிமனையில் யாரும் கோப்பைத் திறந்ததில்லை. 2022இல் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல் என்று வரையறுக்கப்பட்டபோது, இருவருக்கு ஒரு வண்டி என ஊர்களைப் பிரித்து அட்டவணை போட்டவரும் அவரே. அருகிலுள்ள ஊர்களுக்குத் தான் மிதிவண்டியில் போய், மிஞ்சிய பெற்றோலை ஞாயிறுக்கென்று சேமித்தார். "வீட்டுக்குப் பிந்திப் போறவன் களத்திலயும் அவசரப்படுவான், தம்பி" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். நான் அன்று புதிதாகத் திருமணமானவன்; அதற்குப் பிறகு என் மாலை நேரங்களை நான் ஒழுங்குபடுத்திக்கொண்ட விதத்துக்கு அவரே காரணம்.

அண்ணன் காலமான முப்பத்தோராம் நாள் சமையலை, யாரும் கேட்காமலே, அந்தச் சாப்பாட்டுக் கடைக்காரர் பொறுப்பெடுத்துக்கொண்டார். படுவான்கரையிலிருந்து உழவு இயந்திரத்தில் வந்தவர்கள் அரிசியும் தயிரும் கொண்டுவந்திருந்தார்கள். பந்தி தொடங்குவதற்கு முன்னர் கடைக்காரர் என்னிடம் வந்து, "சேர், ஒருக்கா வந்து பாருங்க. அவர் இருந்திருந்தா பாத்திருப்பார்" என்றார். நான் போய் நீர்த்தாங்கியையும், மூடிகளையும், பரிமாறுகிறவர்களின் கைகளையும் முறைப்படி பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. இலை போடச் சொன்னேன்.