கென்யாவின் மசாய் மாரா காப்பகத்தில் சிவிங்கிப்புலி வேட்டை

கரையான் புற்றின் மேல் நிற்கும் சிவிங்கிப்புலி ஒரே திசையில் உற்றுப் பார்த்துத் தலையைத் தாழ்த்துகிறதா? வண்டியை அங்கேயே நிறுத்தி இன்ஜினை அணைக்கச் சொல்லுங்கள். தாம்சன் மானை நோக்கிப் புல்லோடு புல்லாகப் பதுங்கி, 50, 60 மீட்டர் தூரத்துக்கு நெருங்கிய பிறகுதான் பாயும். ஓட்டம் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முன்காலின் உள்பக்க நகத்தால் மானை இடறிவிட்டு, தொண்டையைக் கவ்வி மூச்சை நிறுத்தும்.

அதன்பின் உடனே தின்னக்கூடத் தெம்பிருக்காது, பாவம், மூச்சிரைத்தபடி கிடக்கும். கழுதைப்புலி வந்து இரையைப் பறிப்பது அப்போதுதான். வண்டிகள் மொய்த்தால் அதற்கு இடத்தைக் காட்டிக் கொடுத்த மாதிரி. 5 வண்டிக்கு மேல் கூடாது, 25 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. வேட்டைக்குக் குறுக்கே போய் படமெடுக்க டிரைவரை தயவுசெய்து அவசரப்படுத்தாதீர்கள். அந்த மான் தப்பினால் குட்டிகள் பட்டினி.