பர்மிய இலக்கத்தில் புகுந்த தேதிகள்

ரங்கூனில் உளுந்து, துவரை வாங்கி விற்கும் நம்மாட்கள் சிலருக்குக் கணக்கு ஆப் ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இணையத்தை நம்ப முடியாது என்பதால் எல்லாம் போனிலேயே, எஸ்கியூலைட் என்ற சின்ன டேட்டாபேஸில். ஆப்பின் தகவலை அதன் டேபிளில் எழுத, படிக்க ஓர் ஓபன் சோர்ஸ் லைப்ரரி.

ஒரு கடைக்கார அண்ணன் கூப்பிட்டார். "தம்பி, போன மாசத்து பில் கேட்டா ஒண்ணுமே வரமாட்டேங்குது." முழுப் பட்டியலில் பில்கள் இருந்தன, தேதியும் சரி. தேதி கொடுத்துத் தேடினால் மட்டும் காலி.

என் போனில் எல்லாம் ஒழுங்காக வந்தது. என்னுடையது தமிழில் இருக்கிறது, அவருடையது பர்மியத்தில். அவருடைய டேட்டாபேஸைத் திறந்ததும் சங்கதி தெரிந்தது. எஸ்கியூலைட்டில் தேதிக்கென்று தனி டைப் கிடையாது. லைப்ரரி தேதியை டெக்ஸ்டாக, போனின் லொக்கேலிலேயே, அதாவது போனில் வைத்திருக்கும் மொழியின் முறைப்படியே, எழுதியிருந்தது. பர்மிய லொக்கேலில் ஆண்ட்ராய்டு பர்மிய இலக்கங்களைப் போடும். தமிழ் லொக்கேலில் வழக்கமான 1, 2, 3தான். தேடும் பகுதியோ எப்போதும் 1, 2, 3இல் கேட்டது. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோட் வரிசையில் பர்மிய இலக்கங்கள் வெகு பின்னால் வருவதால், அவருடைய ஒவ்வொரு பில்லும் எந்த முடிவுத் தேதியையும் தாண்டி நின்றது.

பில் நேரத்தை யுடிசி (உலகப் பொது நேரம்) மில்லிசெகண்டாக, வெறும் எண்ணாக மாற்றினேன். பழைய வரிகளில் பர்மிய இலக்கங்களை மாற்ற, ரீப்ளேஸை பத்து இலக்கத்துக்கும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய ஒரு க்வெரி. பார்க்கச் சகிக்காது, ஆனால் வேலை செய்தது.

அப்புறம் தவணைத் தேதி. வசூலுக்கு ஒரு நாள் முன்னாலேயே ஆள் போய் நின்றதாக ஏற்கெனவே புகார் உண்டு. ரங்கூன் நேரம் யுடிசியைவிட 6 மணி 30 நிமிடம் முன்னால். நள்ளிரவை எழுதும்போது லைப்ரரி முந்தைய நாள் 17:30 என்று சரியாகவே எழுதியது. படிக்கும்போது 390 நிமிடத்தை 60ஆல் முழு எண்ணாக வகுத்து, 6 மணியை மட்டும் கூட்டியது. கிடைத்தது 23:30, அதாவது முந்தைய நாள். வித்தியாசம் முழு மணியாக இருக்கும் சிங்கப்பூரில் இருந்து சோதித்தால் இது தெரியவே தெரியாது, அரை மணியும் சேர்ந்து வரும் சென்னையில் தெரிந்திருக்கும்.

தவணைக்கு நேரமே தேவையில்லை. 1970 ஜனவரி 1இலிருந்து எத்தனையாவது நாள் என்ற எண் போதும் என்று, தேதியை டேட்டாபேஸுக்கு ஏற்றபடி மாற்றும் கன்வர்ட்டரை மாற்றி எழுதினேன். டெஸ்டுகளை இப்போது பர்மிய லொக்கேல், ரங்கூன் நேரத்திலும் ஓட்டுகிறேன்.

திருத்தங்களை லைப்ரரிக்கும் அனுப்பினேன். லொக்கேல் திருத்தத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். நாள் எண் விஷயம் பழைய ஆப்களை உடைக்கும் என்று அடுத்த பெரிய வெர்ஷனுக்குத் தள்ளிவிட்டார்கள், அதுவும் நியாயம்தான். அதுவரை அந்த கன்வர்ட்டர் என் ஆப்புக்குள்ளேயே இருக்கும்.