வாலிறகு ஒடிந்த சின்னது

ஜூன் 22, 2024, சனி

மழை கொஞ்சம் விட்டதும் ஆற்றங்கரைக்குக் கிளம்பிவிட்டேன். இந்த மாதம் மினசோட்டாவில் வானம் பொத்துக்கொண்டது போலக் கொட்டுகிறது. ஹேஸ்டிங்ஸ் பக்கம் மிசிசிப்பி காப்பி நிறத்தில், மரக்கட்டைகளை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. கழுகுக் கூடு இருக்கும் தீவின் ஓரம் ஏற்கெனவே தண்ணீருக்குள்.

கூடு ஒரு பெரிய காட்டன்வுட் மரத்தின் கவட்டையில் இருக்கிறது. அரசிலை மாதிரி லேசான காற்றுக்கே சலசலக்கும் மரம். உள்ளே வெண்தலைக் கழுகின் குஞ்சுகள் இரண்டு. குஞ்சு என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது, பெற்றவர்களைவிடப் பெரிதாகத் தெரிகின்றன. முதல் வருட இறக்கையும் வாலும் பெரிய கழுகுக்கு இருப்பதைவிடச் சற்று நீளம். தலை வெள்ளை கிடையாது. அலகு, கண், உடம்பு எல்லாம் கரும்பழுப்பு. நாலைந்து வருடம் கழித்துத்தான் தலையும் வாலும் வெளுக்கும்.

ஏப்ரல் முதல் வாரம் பொரித்தவை. பெரியது கூட்டை விட்டுப் பக்கத்துக் கிளைக்குத் தாவிவிட்டது. சின்னது விளிம்பில் நின்று இறக்கையை அடித்துப் பார்க்கிறது. காற்று வந்தால் ஒரு முழம் மேலே எழும்பும், உடனே பயந்து குச்சியைப் பற்றிக்கொள்ளும்.

படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பத்து நிமிடத்தில் சித்தப்பாவிடமிருந்து ஒரு ஃபார்வர்ட். தாய்க்கழுகு கூட்டு மெத்தையைப் பிய்த்தெறிந்து முள்ளை மட்டும் மிச்சம் வைக்குமாம், குஞ்சைத் தள்ளிவிடுமாம், விழும்போது முதுகில் தாங்கிக்கொள்ளுமாம். கூடவே அந்தப் பழைய கதையும்: நாற்பது வயதில் கழுகு மலையுச்சிக்குப் போய் அலகைப் பாறையில் மோதி உடைத்து, புது அலகு முளைத்து, இன்னும் முப்பது வருடம் வாழுமாம். "அலகு உடைந்தால் பட்டினியில் செத்துப்போகும் சித்தப்பா. காட்டில் முப்பது வயதைத் தாண்டுவதே அபூர்வம்" என்று எழுதினேன்.

"அறிவியல் கிடக்கட்டும்பா, கருத்தைப் பாரு" என்றார்.

சரி, தள்ளுகிறதா இல்லையா என்று நேரிலேயே பார்த்துவிடலாம்.

ஜூன் 26, புதன்

வேலை முடிந்து ஒரு மணி நேரம். தாய் ஒரு மீனோடு வந்து எதிர்மரத்தில் உட்கார்ந்தது. கூட்டுக்கு வரவில்லை. பிள்ளைகள் கத்துகத்தென்று கத்தின. ஆசை காட்டி வெளியே இழுக்கத்தான் இப்படிச் செய்யும் என்பார்கள். எனக்கென்னவோ கூட்டில் அந்த இரண்டு தடியன்களும் மீனைப் பிடுங்கப் பாயும் பாய்ச்சலுக்கு, அங்கே இறங்க அதற்கே தயக்கம் போலிருந்தது. பாதியைத் தானே தின்றுவிட்டு, மீதியைக் கூட்டில் போட்ட வேகத்தில் பறந்துவிட்டது.

ஜூன் 29, சனி

சின்னது பறந்துவிட்டது. விழுந்துவிட்டது என்று எழுதினாலும் தப்பில்லை.

காலை ஒன்பதரை மணி இருக்கும். கிளை நுனியில் இறக்கையை விரித்துக்கொண்டு நின்றிருந்தது. ஒரு காற்று வந்தது, கால் வழுக்கியது, அவ்வளவுதான். வாய்க்காலுக்கு மேலே தாறுமாறாக இறக்கையடித்து வந்தது. பறக்க வந்துவிட்டது, நிற்கத்தான் வரவில்லை. ஒரு பட்டமரத்தைக் குறிவைத்து அதே வேகத்தில் போய் மோதி, கிளையைப் பிடித்து, வௌவால் மாதிரித் தலைகீழாகத் தொங்கியது. வால் கிளைகளுக்குள் மாட்டியிருந்தது. கொஞ்ச நேரம் உதறிவிட்டுக் கீழே, வெள்ளத்தில் பாதி முழுகிய வில்லோ புதர்களுக்குள் விழுந்தது. அதற்கப்புறம் கண்ணில் படவில்லை.

யாரும் தள்ளவில்லை. யாரும் முதுகில் தாங்கவும் இல்லை. தாய் அப்போது இருநூறு அடி தள்ளி இறகு கோதிக்கொண்டிருந்தது.

கரையில் எப்போதும் மீன் வாளியோடு உட்கார்ந்திருக்கும் தாத்தா ஒருவர் இருக்கிறார். நான் பதறுவதைப் பார்த்து, தண்ணீரில் விழுந்தாலும் இறக்கையைத் துடுப்பாகப் போட்டு நீந்திவிடும், சும்மா இரு என்றார். உண்மைதான், கழுகுகள் நீந்தும். ஆனால் அதற்கும் பழக்கம் வேண்டாமா? இந்த வெள்ளத்தில் படகை எடுக்கவும் முடியாது. எடுத்தாலும் பக்கத்தில் போய்த் தொந்தரவு செய்யச் சட்டம் இடம் கொடுக்காது. மத்தியானம் சோறு இறங்கவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

இருக்கிறது! வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து ஒதுக்கிய கட்டைக் குவியலின் மேல், நனைந்த கோழி மாதிரி. எட்டு மணிக்குத் தகப்பன் பறந்துவந்து ஒரு மீனைப் பக்கத்தில் போட்டுவிட்டுப் போனது. (இரண்டில் உருவம் சிறியது தகப்பன். கழுகில் பெண்தான் பெரிது.) சின்னது மீனின் மேல் இறக்கையைக் கூடாரம் போல விரித்து மூடிக்கொண்டு தின்றது. சுற்றுவட்டாரத்தில் ஒரு ஈ காக்கை கிடையாது, யாரிடமிருந்து மறைத்ததோ.

வாலில் இடப்பக்கம் ஓர் இறகு பாதியில் ஒடிந்திருக்கிறது. எனக்கு அது வசதி. தானாக உதிர்ந்த இறகு என்றால் சில வாரத்தில் புதிது வளர்ந்துவிடும். ஒடிந்த இறகு அடுத்த வருடம் இறகு மாற்றும் வரை அப்படியே இருக்கும். இனி எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்லிவிடலாம்.

ஜூலை 5, வெள்ளி

நேற்று இரவு ஊரெல்லாம் வாணவேடிக்கை. காலையில் போய்ப் பார்த்தால் நான்கும் அதே மரத்தில். எனக்குத்தான் தூக்கமில்லை. சின்னது தானாகவே மரத்துக்கு ஏறிவிட்டது என்பதுதான் செய்தி.

ஜூலை 13, சனி

இரண்டு வாரமாகக் கழுகுப் பாடத்திட்டம் என்றால் இறங்குவது மட்டும்தான். பறப்பது தானாக வந்துவிடுகிறது, கிளையில் கால் வைத்து நிற்பதற்குள் உயிர் போகிறது. வேகத்தைக் குறைக்காமல் வந்து கிளையைத் தாண்டிப் போகும், திரும்பி வரும், மறுபடி தாண்டும். மெல்லிய கிளையில் உட்கார்ந்து அது வளைந்ததும் இறக்கையை விரித்துத் தள்ளாடும். எந்தக் கிளை தன் எடையைத் தாங்கும் என்பதையும் உட்கார்ந்து பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

பசித்தால் இன்னும் கூட்டுக்கே போகிறது. கூடுதான் சாப்பாட்டு மேசை. தகப்பன் வருவது தெரிந்ததும் தலையைத் தாழ்த்தி, இறக்கையைத் தொங்கவிட்டு, கீச்சுக் குரலில் கெஞ்சுகிறது. வளர்ந்தவற்றின் குரலும் அப்படி ஒன்றும் கம்பீரமில்லை. சினிமாவில் கழுகைக் காட்டும்போது கேட்கும் அந்த நீளமான அலறல் பெரும்பாலும் செவ்வால் பருந்துடையது. இரவல் குரல்.

ஜூலை 20, சனி

கழுகு ஆற்றின் மறுகரைக்குப் போய்விட்டது, அதனால் வாளித் தாத்தாவோடு பேச்சு. அவர் சிறுவனாக இருந்தபோது இந்த ஆற்றில் கழுகைப் பார்த்த ஞாபகமே இல்லையாம். இருக்கும். 1963இல் அலாஸ்கா, ஹவாய் தவிர மீதி அமெரிக்கா முழுக்கக் கூடு கட்டியவை 417 ஜோடிகள்தான். டி.டி.டி. பூச்சிமருந்து மழைநீரோடு ஆற்றுக்கு வந்து, மீனுக்குள் போய், மீன் வழியாகக் கழுகுக்குப் போனது. முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்க உட்கார்ந்த தாயின் கனத்திலேயே நொறுங்கியது. 1972இல் அந்த மருந்தைத் தடை செய்தார்கள். 2007இல் அழியும் ஆபத்திலுள்ளவற்றின் பட்டியலிலிருந்து கழுகை எடுத்துவிட்டார்கள். இப்போதைய மதிப்பீடு 71,400 ஜோடிகள்.

தாத்தாவுக்கு இந்த எண்களில் அக்கறை இல்லை. "இப்போ என் மீனைத் திருடுற அளவுக்கு ஆயிடுச்சு" என்று வாளியைக் கால் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

ஜூலை 28, ஞாயிறு

வெள்ளம் வடிந்துவிட்டது. தீவுக்குள் புகுந்த தண்ணீர் ஆறு இறங்கியதும் குட்டைகளாகத் தேங்கி நின்று, வெயிலில் சுருங்கிக்கொண்டே வருகிறது. அதற்குள் மாட்டிய கெண்டைகள் ஒவ்வொன்றாகச் செத்து மிதக்கின்றன. கரை வரைக்கும் நாற்றம்.

சின்னது தானாகத் தேடிக்கொண்ட முதல் சாப்பாடு இதுதான். சேற்றில் நடந்து போனது. ஆமாம், நடந்து. வானத்தின் ராஜா வாத்து மாதிரி அசைந்து அசைந்து போய், ஊதிப்போன ஒரு மீனின் மேல் ஏறி நின்றது. எங்கிருந்து கிழிப்பது என்று தெரியவில்லை. வாலைக் கொத்தியது, செதிலைக் கொத்தியது, ஒரு தடவை தன் கால்விரலையே கொத்திக்கொண்டது. கடைசியில் கண்ணிலிருந்து ஆரம்பித்தது. முக்கால் மணி நேரம் தின்று, தொண்டைப்பை புடைத்துப்போய், பறக்க முடியாமல் அங்கேயே நின்றது.

ஓடாத இரை, பிடிக்கத் தெரியாத வேட்டைக்காரன். பொருத்தம்தான். பிடிக்கக் கற்றுக்கொள்ளும் வரை வயிறு காத்திருக்காது. வெள்ளம் முதல் நாள் இதைக் கொல்லப் பார்த்தது, இப்போது சோறு போடுகிறது.

அந்தப் படத்தைக் குழுவில் போட்டேன். "சாப்பிடுற நேரத்துல இதை ஏம்பா அனுப்பறே" என்றார் சித்தப்பா.

ஆகஸ்ட் 10, சனி

மீன்பிடி ஆரம்பம். முதலில் குச்சி. தண்ணீரில் மிதக்கும் குச்சியைத் தாழப் பறந்து காலால் அள்ளுகிறது, மேலே போய்ப் போட்டுவிடுகிறது, மறுபடி அள்ளுகிறது. அப்புறம் பாசிக்கொத்து. ஒரு முறை பிளாஸ்டிக் பாட்டில். விளையாட்டா பயிற்சியா என்று கேட்டால், அதற்கு இரண்டும் ஒன்றுதான் போலிருக்கிறது.

பதினோரு மணிக்கு நிஜ மீனுக்கு முயன்றது. கோணம் தவறி மார்பு தண்ணீரில் பட்டு, பறக்க முடியாமல், தாத்தா சொன்னபடியே இறக்கையால் துழாவித் துழாவிக் கரையேறியது. காலில் ஒன்றுமில்லை. இன்று மட்டும் ஆறு முயற்சி, ஆறும் வெறுங்கால்.

பெரியது குறுக்குவழியைக் கண்டுபிடித்துவிட்டது. விராலடிப்பான் ஒன்று மீனோடு போனதை விடாமல் துரத்தி, அது பிடியை விட்டதும் விழும் மீனைப் பிடிக்கப் பாய்ந்தது. மீன் ஆற்றிலேயே விழுந்துவிட்டது என்பது வேறு விஷயம். விராலடிப்பான்தான் உண்மையான மீனவன், தண்ணீருக்குள் முழுகியே பிடிக்கும். குளிர்காலத்தில் நம் தமிழ்நாட்டு ஏரிகளுக்கும் வரும் அதே இனம். தாய் தகப்பன் கழுகுகளும் அதனிடம் வழிப்பறி செய்பவைதான், அதனால் பிள்ளையைக் குறை சொல்லி என்ன பயன்.

ஆகஸ்ட் 24, சனி

கூட்டுக்கு மீன் வருவது ஏறக்குறைய நின்றுவிட்டது. துரத்துவதும் இல்லை, கொத்துவதும் இல்லை. ஒரு நாள் வரும், மூன்று நாள் வராது, அவ்வளவுதான். சின்னது காலையில் தகப்பன் பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் கெஞ்சியது. தகப்பன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் தகப்பன் பறந்தது, சின்னது கத்திக்கொண்டே பின்னால் பறந்தது, பாதி ஆற்றில் கத்தலை நிறுத்திவிட்டுத் தனியாகத் திரும்பியது.

பத்தரை மணிக்கு மேல் சுண்ணாம்புக்கல் மேட்டிலிருந்து சூடான காற்று எழும்பத் தொடங்கியது. சின்னது அதில் ஏறி, ஒரு தடவைகூட இறக்கையடிக்காமல் வட்டமிட்டு வட்டமிட்டுப் புள்ளியானது. ஒடிந்த இறகின் சந்தில் வெளிச்சம் தெரிந்தது. கீழே இறங்கியபோது மணி பன்னிரண்டு. எதிர்க்கரையில் ஏதோ செத்ததைத் தின்றது.

செப்டம்பர் 8, ஞாயிறு

நேற்றும் இல்லை, இன்றும் இல்லை. பெரியது போன வாரமே போய்விட்டது. பெரிய ஜோடி மட்டும் அடுத்தடுத்த கிளையில் உட்கார்ந்திருக்கிறது. தேடுகிற மாதிரித் தெரியவில்லை.

எங்கே போயிருக்கும்? தெற்கே அயோவாவில் டெக்கோரா என்ற ஊர்க் கூட்டில் 2011இல் பிறந்த டி1 என்ற கழுகுக்குச் சமிக்ஞைக் கருவி கட்டி விட்டார்கள். அது பின்னால் வடக்கே கனடாவில் ஹட்சன் விரிகுடா வரை போய் வந்தது. அதே கூட்டின் டி14 பிறந்த வருடமே, 2012இல், மின்கம்பத்தில் மின்சாரம் தாக்கிச் செத்தது. எங்கள் சின்னதுக்குக் கருவி இல்லை, காலில் வளையம்கூட இல்லை. ஓர் ஒடிந்த இறகுதான்.

டிசம்பர் 28, சனி

குளிர் பூஜ்யத்தையொட்டி நிற்கிறது. ஆற்றோரம் பனிக்கட்டி. ஆனால் இரண்டாம் எண் அணைக்குக் கீழே தண்ணீர் உறையாது. மதகு வழியாக அடிபட்டு வரும் மீன்களுக்காகச் சுற்றுவட்டாரக் கழுகெல்லாம் இங்கே கூடிவிடும். இந்த வாரம்தான் வெண்தலைக் கழுகைச் சட்டப்படி தேசியப் பறவையாக அறிவித்து அதிபர் கையெழுத்துப் போட்டார். 1782 முதல் அரசு முத்திரையில் இருக்கும் பறவை, இதுவரை ஆகவில்லை என்பதே எனக்குப் புதுச்செய்தி. தாத்தாவிடம் சொன்னேன். "அதுக்கும் சொல்லிட்டியா?" என்றார்.

எண்ணியதில் வெள்ளைத் தலை பதினெட்டு, பழுப்பு பதினொன்று. நவம்பர் முழுக்க எனக்கு ஒரு பயம் இருந்தது. மான் வேட்டைக்காரர்கள் காட்டில் விட்டுப்போகும் குடலில் ஈயத் துணுக்குகள் இருக்கும், செத்ததைத் தின்று வளர்ந்த பிள்ளை முதலில் அங்கேதான் இறங்கும்.

ஸ்கோப்பை ஒவ்வொரு வாலாக நகர்த்தினேன். எட்டு வால் முழுசு. ஒன்று மூன்று வயதுக் கழுகு, வால் பாதி வெளுத்திருந்தது. பத்தாவது பறந்தபோது பார்த்தேன், அதுவும் முழுசு. பதினொன்றாவது பனிக்கட்டி விளிம்பில், எனக்கு முகம் காட்டி, காலடியில் மீனை வைத்துக்கொண்டு நின்றது. பக்கத்தில் ஒரு வெள்ளைத் தலை வந்ததும் இறக்கையை விரித்துக் கூடாரம் போட்டு மீனை மூடிக்கொண்டது. வால் அந்தப் பக்கம்.

கையுறைக்குள் விரல் மரத்துப்போயிற்று. அரை மணி நேரம் நின்றேன், அது திரும்பவில்லை. தாத்தா பிளாஸ்கிலிருந்து எனக்கும் ஒரு மூடி காப்பி ஊற்றினார். குடித்துவிட்டு நிமிர்ந்தால் அந்த இடத்தில் மீனின் முள் மட்டும் கிடந்தது.